எல்லையோர முன்னாள் படைவீரர் குடும்பங்களுக்கு: இ.சி.எச்.எஸ். மருத்துவம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தமிழக-ஆந்திர எல்லையில், குடியாத்தத்திலிருந்து பரதராமி வழியாகச் சித்தூர் போகும் சாலையில் இரண்டு பக்கமும் உள்ள ஊர்களில் படைக்கு ஆள் அனுப்பாத தெரு குறைவு. வேலூர் லாங்கு பஜார் மணிக்கூண்டில், 1914-18 போருக்கு இங்கிருந்து 277 பேர் போனதாகவும் அவர்களில் 14 பேர் உயிர்விட்டதாகவும் கல்லில் பொறித்திருக்கிறார்கள். கணியம்பாடி அருகே உள்ள கம்மவான்பேட்டைக்கு 'ராணுவப்பேட்டை' என்றே பெயர். என் அப்பா பெங்களூரில் உள்ள மதராஸ் பொறியாளர் படைப் பிரிவில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருக்கும், பின்னர் அம்மாவுக்கும் வைத்தியம் பார்க்க அலைந்த பத்தாண்டுகளில் நான் கற்றுக்கொண்டதும், அக்கம்பக்கத்துக் குடும்பங்களுக்குப் படிவம் நிரப்பிக் கொடுத்தபோது அவர்கள் கேட்டதும் இங்கே கேள்வி பதிலாக இருக்கின்றன.

இ.சி.எச்.எஸ். என்பது என்ன? அரசாங்கம் நமக்குத் தரும் இலவச வைத்தியமா?

இலவசம் என்ற சொல்லை முதலில் மறந்துவிடுங்கள். முன்னாள் படைவீரர் பங்களிப்பு சுகாதாரத் திட்டம் என்பது அதன் முழுப் பெயர். 'பங்களிப்பு' என்ற சொல் அதன் நடுவிலேயே இருக்கிறது. 2017 டிசம்பர் இறுதியில் நிர்ணயித்த விகிதப்படி, ஹவில்தார் வரையிலான நிலையில் ஓய்வு பெறுபவர் 30,000 ரூபாயும், நாயப் சுபேதார் முதல் சுபேதார் மேஜர் வரை 67,000 ரூபாயும், அதிகாரிகள் 1,20,000 ரூபாயும் ஒரே தடவையாகச் செலுத்துகிறார்கள். 1996 ஜனவரி 1-க்கு முன் ஓய்வு பெற்றவர்களுக்கும் போரில் கணவனை இழந்தவர்களுக்கும் இந்தத் தொகையிலிருந்து விலக்கு உண்டு. அவர்கள் கொடுத்தது பணத்தைவிடப் பெரியது.

2003 ஏப்ரல் 1-இல் இந்தத் திட்டம் தொடங்கியது. அதற்கு முன் ஓய்வு பெற்ற சிப்பாய்க்கு ராணுவ மருத்துவமனை ஒன்றுதான் கதி. அங்கேயும் படுக்கை காலியாக இருந்தால்தான் இடம். வெல்லிங்டனுக்கோ பெங்களூருக்கோ சென்னைக்கோ ஒரு நோயாளியைத் தூக்கிக்கொண்டு போக எத்தனை குடும்பங்களால் முடிந்திருக்கும்? இன்று நாடு முழுவதும், இந்தத் திட்டத்தின் புறநோயாளி மருத்துவ நிலையங்களான பாலிகிளினிக்குகள் 400-க்கும் மேல் இருக்கின்றன. பயனாளிகள் 60 லட்சத்துக்கும் மேல். குறை சொல்லும்போதும் இந்த மாற்றத்தை மறக்கக் கூடாது.

2003-க்கு முன் ஓய்வு பெற்றுத் திட்டத்தில் சேராத சில தாத்தாக்கள் மாதம் 1,000 ரூபாய் மருத்துவப்படி வாங்கிக்கொண்டிருக்கிறார்கள். அது தலைவலிக்கும் இருமலுக்கும் சரி. ஒரு முறை இதய அறுவை சிகிச்சை என்றால் வீட்டுப் பத்திரம் போய்விடும். சேர்ந்துவிடுங்கள் என்றே எல்லோரிடமும் சொல்கிறேன்.

யாரெல்லாம் சேரலாம்?

முன்னாள் படைவீரர் என்ற தகுதியோடு ஓய்வூதியமோ, ஊனமுற்றோர் ஓய்வூதியமோ, குடும்ப ஓய்வூதியமோ வாங்குபவர்கள். அவர்களைச் சார்ந்த மனைவி அல்லது கணவர். 25 வயது வரை, வேலைக்குப் போகாத மகன். திருமணமோ வேலையோ ஆகாத மகள். மாத வருமானம் 9,000 ரூபாயும் அகவிலைப்படியும் சேர்ந்த வரம்பைத் தாண்டாத பெற்றோர். மாற்றுத்திறன் கொண்ட பிள்ளைக்கு வயது வரம்பு கிடையாது. இந்தக் கடைசி விதி தெரியாமல், 25 ஆனதும் பெயரை நீக்கிவிடுவார்கள் என்று பயந்து ஒதுங்கியிருந்த ஒரு தாயைப் பார்த்திருக்கிறேன்.

2019 மார்ச்சில் இரண்டாம் உலகப் போரில் பணியாற்றியவர்களையும், குறுகிய காலப் பணி அதிகாரிகளையும், அவசரகால நியமன அதிகாரிகளையும், முன்கூட்டியே ஓய்வு பெற்றவர்களையும் சேர்த்தார்கள். 2022-இல் தொடங்கிய அக்னிபத் திட்டத்தில் நான்கு ஆண்டு பணி முடித்துத் திரும்பும் அக்னிவீரர்களுக்கு ஓய்வூதியமும் இல்லை, இ.சி.எச்.எஸ். உறுப்பினர் தகுதியும் இல்லை. மகனை அனுப்புகிற பெற்றோர் இதைத் தெரிந்துகொண்டு அனுப்ப வேண்டும்.

பென்ஷன் இல்லாமல் வீட்டுக்கு வந்துவிட்டவருக்கு எதுவுமே கிடையாதா?

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கும். சிப்பாய் நிலையில் ஓய்வூதியம் பெறப் பொதுவாக 15 ஆண்டு தகுதிச் சேவை வேண்டும். குடும்பச் சூழ்நிலையால் எட்டு, பத்து ஆண்டுகளில் வந்துவிட்டவர்கள் நம் ஊர்களில் இருக்கிறார்கள். பனியிலும் பாலைவனத்திலும் நின்ற அந்த ஆண்டுகள் மருத்துவக் கணக்கில் எதிலும் சேராமல் போகின்றன.

அவர்களுக்கு இருக்கும் வழி, முன்னாள் படைவீரர் நலனுக்கான மத்திய அமைப்பாகிய கேந்திரிய சைனிக் வாரியம் மூலம் வரும் நிதியுதவி. பென்ஷன் இல்லாத முன்னாள் படைவீரருக்கும் அவர்களின் கைம்பெண்களுக்கும் சாதாரணச் சிகிச்சைக்கு ஒரு மானியம், புற்றுநோய், டயாலிசிஸ், இதய நோய் போன்ற கடும் நோய்களுக்குத் தனி மானியம் என்று இருக்கிறது. மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம் வழியாகத்தான் விண்ணப்பிக்க வேண்டும். மருத்துவமனை ரசீது ஒவ்வொன்றும் அசலாக வேண்டும். மானியம் முழுச் செலவையும் ஈடுகட்டாது. ஆனாலும் விண்ணப்பிக்காமல் விடாதீர்கள்.

எங்கள் வீடு ஆந்திர எல்லைக்குள் இருக்கிறது. வேலூர் பாலிகிளினிக்குக்குப் போனால் திருப்பி அனுப்பிவிடுவார்களா?

அனுப்பக் கூடாது. இது பாதுகாப்பு அமைச்சகத்தின் திட்டம், மாநில அரசின் திட்டமல்ல. இ.சி.எச்.எஸ். உறுப்பினர் அட்டை இருந்தால் நாட்டின் எந்தப் பாலிகிளினிக்கிலும் வைத்தியம் பார்க்கலாம். ஆனால் சர்க்கரை, இரத்த அழுத்தம் போன்ற தொடர் நோய்களுக்கு மாதாமாதம் மருந்து வாங்க, நீங்கள் பதிவு செய்துள்ள தாய்ப் பாலிகிளினிக்தான் வசதி. பஸ் எந்தப் பக்கம் சுலபம் என்று பார்த்து, தேவையானால் பதிவை மாற்றிக்கொள்ளுங்கள்.

மேலே சொன்ன மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம் மட்டும் மாநிலத்தைச் சார்ந்தது. வேலூரில் பதிவு செய்துவிட்டுப் பிறகு சித்தூர் மாவட்டத்தில் வீடு கட்டிக் குடியேறியவர்கள், பதிவை அங்கே மாற்றாமல் விட்டால் இரண்டு பக்கமும் "உங்கள் கோப்பு எங்களிடம் இல்லை" என்பார்கள்.

மொழியைப் பற்றியும் ஒரு வார்த்தை. படையில் இருந்த தாத்தாவுக்கு இந்தி வரும். எந்த அலுவலகத்திலும் சமாளித்துவிடுவார். அவர் போன பிறகு அதே வாசலில் பாட்டி வாய் திறக்க முடியாமல் நிற்கிறார். எங்கே வலிக்கிறது என்பதைத் தன் மொழியில் சொல்ல முடியாத நோயாளிக்கு நல்ல வைத்தியம் கிடைக்காது. பாட்டியைத் தனியாக அனுப்பாதீர்கள்.

ஆதாரில் ஒரு பெயர், டிஸ்சார்ஜ் புத்தகத்தில் ஒரு பெயர். அட்டை மறுக்கிறார்கள். என்ன செய்வது?

எல்லைப் பகுதியின் தனி வியாதி இது. என்னிடம் வரும் பத்துப் பேரில் பாதிப் பேருக்காவது இருக்கிறது. தமிழ் வழக்கில் அப்பா பெயர்தான் தலைப்பெழுத்து. ஆந்திரப் பக்கம் எடுத்த ஆதாரில் 'இண்டிபேரு' என்னும் வீட்டுப் பெயர் முன்னால் வந்து உட்கார்ந்துவிடும். படையில் சேர்ந்தபோது எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதியது மூன்றாவது வடிவம். முனுசாமி, முனிசாமி, முனுஸ்வாமி: மூன்றும் ஒரே மனிதர் என்பது ஊருக்குத் தெரியும், கணினிக்குத் தெரியாது. மனைவியின் பெயர் இன்னும் மோசம். 'அம்மா' என்ற ஒட்டு ஒன்றில் இருக்கும், ஒன்றில் இருக்காது. பிறந்த தேதியோ ஜூலை 1 அல்லது ஜனவரி 1 என்று யாரோ போட்டுவிட்டது.

எது மூலம் என்பதை முதலில் தீர்மானியுங்கள். ஓய்வூதிய ஆணையிலும், படையிலிருந்து விடுவிக்கும்போது கொடுத்த டிஸ்சார்ஜ் புத்தகத்திலும் உள்ளதுதான் படைக்குச் செல்லுபடி. எழுத்துப்பிழை சிறியது என்றால் ஆதாரைத் திருத்துவது சுலபம். மனைவி பெயரோ பிள்ளை பெயரோ படை ஆவணத்தில் ஏறவே இல்லை என்றால், அந்தந்தப் படைப்பிரிவின் ஆவண அலுவலகத்துக்கு எழுத வேண்டும். எங்கள் அப்பாவுக்கு அது பெங்களூர். திருமணச் சான்று, உறுதிமொழிப் பத்திரம், அடையாள நகல்கள் எல்லாம் வைத்துப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். பிறகு ஸ்பர்ஷ் ஓய்வூதியத் தளத்திலும் அதே எழுத்துகள் இருக்கின்றனவா என்று பாருங்கள்.

தாத்தா உயிரோடு இருக்கும்போதே இதைச் செய்துவிடுங்கள். அவர் கையெழுத்தில் ஒரு மாதத்தில் முடிகிற வேலை, அவர் போன பின் பாட்டியை ஓராண்டு அலைய வைக்கும்.

பெரிய மருத்துவமனைக்கு நேராகப் போகக் கூடாதா? ஒவ்வொரு முறையும் பரிந்துரைச் சீட்டு எதற்கு?

சாதாரண நேரத்தில் பாலிகிளினிக் மருத்துவர் பார்த்து, தேவை என்றால் ராணுவ மருத்துவமனைக்கோ, திட்டத்தோடு ஒப்பந்தம் செய்து பட்டியலில் உள்ள தனியார் மருத்துவமனைக்கோ எழுதிக் கொடுக்க வேண்டும். அந்தச் சீட்டு இருந்தால்தான் பணம் கட்டாமல் சிகிச்சை. குறிப்பிட்ட வயதைக் கடந்த முதியவர்கள் பட்டியலில் உள்ள மருத்துவமனையில் நிபுணரை நேரடியாகப் பார்க்கத் தளர்வு உண்டு. பலருக்கு இது தெரியாது.

எந்தெந்த மருத்துவமனை, எந்தெந்தப் பிரிவுக்குப் பட்டியலில் இருக்கிறது என்பதைச் சீட்டு எழுதும் நாளிலேயே கேளுங்கள். கண்ணுக்கு மட்டும் அனுமதி பெற்ற இடத்துக்கு இதய நோயாளியைக் கொண்டுபோய்ப் பயனில்லை. பட்டியலும் மாறிக்கொண்டே இருக்கும்.

நடு இரவில் நெஞ்சுவலி வந்தால்?

எது பக்கமோ அங்கே ஓடுங்கள். சீட்டைத் தேடாதீர்கள், பட்டியலைத் தேடாதீர்கள். விதியே அதை அனுமதிக்கிறது. பட்டியலில் உள்ள மருத்துவமனை என்றால் அவர்களே 48 மணி நேரத்துக்குள் தகவல் பதிவு செய்ய வேண்டும். முன்பணம் கேட்கக் கூடாது. பட்டியலில் இல்லாத மருத்துவமனை என்றால் நீங்கள் பணம் கட்டிவிட்டுப் பிறகு கேட்டு வாங்க வேண்டும். அப்போது 48 மணி நேரத்துக்குள் அருகிலுள்ள பாலிகிளினிக்குக்குத் தகவல் கொடுப்பது உங்கள் பொறுப்பு. திரும்பக் கிடைப்பது நீங்கள் கட்டிய தொகை அல்ல. மத்திய அரசு சுகாதாரத் திட்டத்தின் கட்டண விகிதம், அல்லது நீங்கள் கட்டியது, இரண்டில் எது குறைவோ அது.

இந்த 48 மணி நேரம் எனக்குத் தெரியாமல் போனது. அப்பாவுக்கு விடியற்காலை மூன்று மணிக்கு மார்பு அடைத்தது. பட்டியலில் இருந்த ஒரு தனியார் மருத்துவமனைக்குத்தான் கொண்டுபோனோம். அட்டையை நீட்டினேன். "காலையில் அலுவலகம் திறந்த பிறகுதான் அட்டை செல்லும், இப்போது ஐம்பதாயிரம் கட்டுங்கள்" என்றார்கள். அப்பா ஸ்ட்ரெச்சரில் கிடக்கும்போது விதி பேச யாருக்கு வாய் வரும்? அம்மாவின் வளையலை வைத்துப் பணம் புரட்டினோம். அவர்கள் எங்களைப் பணம் கட்டும் நோயாளியாகவே பதிந்துவிட்டார்கள் என்பது வீட்டுக்கு வரும் நாளில்தான் தெரிந்தது. பாலிகிளினிக்குக்கு நான் சொன்னது நான்காம் நாள். தாமதத்தை மன்னிக்கக் கோரி விளக்கக் கடிதம், மருத்துவரின் அவசரச் சான்று, மறுபடி ஒரு விளக்கம் என்று போய், கடைசியில் வந்தது பாதிக்கும் குறைவு. அப்பா பிழைத்து ஆறு ஆண்டுகள் இருந்தார், அது வேறு விஷயம். ஆனால் நோயாளி உள்ளே போனதும் குடும்பத்தில் ஒருவர் முதல் வேலையாகப் பாலிகிளினிக்குக்குத் தொலைபேசியில் சொல்லி, எழுத்திலும் அனுப்ப வேண்டும் என்று நான் எல்லோரிடமும் மன்றாடுவது அதனால்தான்.

பட்டியலில் இருந்தும் சில மருத்துவமனைகள் நம் அட்டையைக் கண்டாலே முகம் சுளிப்பது ஏன்?

இரண்டு காரணங்கள். ஒன்று, அவர்களுக்குச் சேர வேண்டிய பணம் தாமதமாக வருவது. இன்னொன்று, கட்டண விகிதம். மத்திய அரசு சுகாதாரத் திட்டத்தின் விகிதத்தையே இ.சி.எச்.எஸ். பின்பற்றுகிறது. அது பல ஆண்டுகள் முழுமையாகத் திருத்தப்படாமல் கிடந்து, 2025 அக்டோபரில்தான் பெரிய அளவில் திருத்தப்பட்டது. மத்திய தணிக்கைத் துறை 2015-ஆம் ஆண்டின் 51-ஆம் எண் அறிக்கையில் இந்தத் திட்டத்தை முழுவதும் ஆராய்ந்து, பாலிகிளினிக்குகளில் மருந்துப் பற்றாக்குறையையும் மருத்துவமனைகளுக்கு அதிகமாகக் கொடுக்கப்பட்ட தொகைகளையும் சுட்டிக்காட்டியது. ஒரு பக்கம் பணம் போதாமல் இழுபறி, மறு பக்கம் தேவைக்கு மேல் பில். நடுவில் நோயாளி.

நிதி கூடியிருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். 2024-25 வரவு செலவுத் திட்டத்தில் 6,968 கோடி ரூபாய், 2025-26-இல் 8,317 கோடி. ஆனாலும் மருத்துவமனையின் கடன் பிரச்சினை நோயாளியின் பிரச்சினை அல்ல. ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டுவிட்டு, படுக்கை இல்லை என்று பொய் சொல்வதற்கு அது நியாயமாகாது.

வெற்றுத் தாளிலோ நிரப்பாத படிவத்திலோ கையெழுத்துப் போடாதீர்கள். உங்கள் பெயரில் செய்யாத பரிசோதனைக்குப் பணம் கேட்கப்பட்டால், அது இன்னொரு படைவீரரின் சிகிச்சைக்கான பணம்.

பாலிகிளினிக்கில் பாதி மருந்து 'இல்லை' என்கிறார்களே?

இல்லை என்பதை எழுத்தில் வாங்குங்கள். மருந்து கிடைக்கவில்லை என்ற சான்றுடன் வெளியே வாங்கி, ரசீது வைத்துத் திரும்பக் கேட்கலாம். மருந்துச் சீட்டில் உள்ள மூலப்பெயரும் ரசீதில் உள்ளதும் ஒன்றாக இருக்க வேண்டும். மாதம் இருநூறு ரூபாய் மருந்துக்காக இரண்டு பஸ் மாறிப் போய் ரசீது கொடுக்க எத்தனை முதியவர்களால் முடியும் என்று கேட்டால், என்னிடம் பதில் இல்லை. கைக்காசைப் போட்டு வாங்கிவிட்டு வாயை மூடிக்கொள்கிறார்கள்.

அப்பா இறந்துவிட்டார். அம்மாவின் அட்டை தொடருமா?

தொடரும். குடும்ப ஓய்வூதியம் வாங்கும் மனைவி மறுபடி பணம் கட்ட வேண்டியதில்லை. இறப்புச் சான்றும் குடும்ப ஓய்வூதிய ஆவணமும் கொடுத்து அட்டையை அவர் பெயருக்கு முதன்மை உறுப்பினராக மாற்ற வேண்டும். ஆண்டுதோறும் உயிர்வாழ் சான்று கொடுப்பதையும் விட்டுவிடக் கூடாது.

அதிகாரிக்கு ஒரு வைத்தியம், சிப்பாய்க்கு ஒரு வைத்தியமா?

விதிப்படி படுக்கை அறைதான் வேறு: ஹவில்தார் வரை பொது வார்டு, நாயப் சுபேதார் முதல் சுபேதார் மேஜர் வரையிலான ஜே.சி.ஓ.க்களுக்குப் பகுதித் தனி வார்டு, அதிகாரிகளுக்குத் தனி அறை. மருந்தும் மருத்துவரும் அறுவை சிகிச்சையும் எல்லோருக்கும் ஒன்றே. வார்டு வேறுபாட்டை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

நான் கண்ட அநீதி பதவியில் இல்லை, தூரத்திலும் காகிதத்திலும் இருக்கிறது. நகரத்தில் கார் வைத்திருக்கும், மின்னஞ்சல் எழுதத் தெரிந்த குடும்பத்துக்கு இந்தத் திட்டம் நன்றாகவே வேலை செய்கிறது. மலையடிவாரத்தில் இருக்கும் கைநாட்டுப் பாட்டிக்கு அதே அட்டை, அதே விதி, ஆனால் பாதிப் பலன்கூட இல்லை. பாலிகிளினிக் மருத்துவர்களும் ஊழியர்களும் ஒப்பந்தத்தில் இருப்பவர்கள். ஆள் மாறினால் பழக்கமும் மாறிவிடுகிறது. குடியாத்தம், பலமநேர் போன்ற ஊர்களுக்கு மாதம் இரண்டு முறை ஒரு நடமாடும் மருத்துவ வண்டி வந்து தொடர் நோய் மருந்துகளைக் கொடுத்தால், நான் மேலே எழுதியவற்றில் பாதிக் கேள்விகள் இல்லாமல் போகும். இதைத்தான் ஒவ்வொரு குறைதீர்க் கூட்டத்திலும் எழுதிக் கொடுக்கிறேன்.

காது கேட்கும் கருவி, பல், மனநலம் இவற்றுக்கும் உண்டா?

உண்டு. பாலிகிளினிக்குகளில் பல் மருத்துவப் பிரிவு இருக்கிறது. காது கேட்கும் கருவிக்கு உச்சவரம்புக்கு உட்பட்டுப் பணம் கிடைக்கும். பீரங்கிப் படையிலும் வெடிவைக்கும் பிரிவுகளிலும் இருந்தவர்கள் "வயதானால் இப்படித்தான்" என்று விட்டுவிடுகிறார்கள். விடாதீர்கள். செயற்கைக் கால் பொருத்துவதற்கென்றே புனேயில் படைகளுக்கான மையம் ஒன்று இருக்கிறது.

தூக்கமில்லாமை, திடுக்கிட்டு எழுவது, குடி: இவற்றைப் பற்றி எந்த வீட்டிலும் பேசுவதில்லை. இதற்கும் பாலிகிளினிக்கில் மனநல மருத்துவருக்குப் பரிந்துரை கேட்கலாம். மனைவிமார்தான் தைரியமாகக் கேட்க வேண்டியிருக்கிறது.

70 வயதானால் எல்லோருக்கும் ஐந்து லட்சம் காப்பீடு என்கிறார்களே, அதையும் வாங்கலாமா?

2024 அக்டோபரில் ஆயுஷ்மான் பாரத் திட்டத்தை 70 வயதைக் கடந்த எல்லோருக்கும் விரிவாக்கினார்கள். இ.சி.எச்.எஸ். உறுப்பினர் இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும். இ.சி.எச்.எஸ்.ஸையே வைத்துக்கொள்ளுங்கள். அதில் மாதாந்திர மருந்தும் புறநோயாளிச் சிகிச்சையும் இருக்கின்றன. ஆயுஷ்மான் அட்டை மருத்துவமனையில் சேர்ந்தால்தான் உதவும். முகாமில் யாரோ கேட்டார்கள் என்று கைரேகை வைத்துவிடாதீர்கள்.

புகார் கொடுத்தால் பழிவாங்குவார்களா?

எனக்கு அப்படி நடந்ததில்லை. முதலில் பாலிகிளினிக் பொறுப்பு அதிகாரியிடம் எழுத்தில் கொடுத்து நகலில் முத்திரை வாங்குங்கள். பதில் இல்லை என்றால் மண்டல மையம், அதற்கு மேல் டெல்லியில் உள்ள மத்திய அமைப்பு. மத்திய அரசின் இணையக் குறைதீர்ப்புத் தளத்திலும் பதியலாம். கோப்பு எங்கே நிற்கிறது என்று அறிய 2005-ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டம் நல்ல கருவி. கோபத்தை எழுதாதீர்கள். தேதி, நேரம், யார் என்ன சொன்னார், எவ்வளவு பணம் கேட்டார் என்பதை எழுதுங்கள்.

படிவம் நிரப்ப உங்களிடம் வரலாமா? என்னென்ன கொண்டுவர வேண்டும்?

ஞாயிறு காலை வாருங்கள், காசு எதுவும் வேண்டாம். டிஸ்சார்ஜ் புத்தகம், ஓய்வூதிய ஆணை, ஆதார், வங்கிப் புத்தகம், பழைய அட்டை, நான்கு புகைப்படங்கள். எல்லாவற்றுக்கும் இரண்டு நகல். யார் பெயரில் படிவமோ அவரும் வர வேண்டும். எழுதியதைப் படித்துப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்து வாங்குவேன், அதனால் அவருடைய கண்ணாடியையும் எடுத்து வாருங்கள்.